ஊசி அக்காவும் அப்பாவின் ரேடியோவும்

கம்பெனியில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊசி அக்கா. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரை இன்னாத்துக்கு இழுத்தே?" என்று எங்கிருந்தாவது கேட்பார். எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. மகன் வீட்டோடு திருப்பூர்ப் பக்கம் போனவர், ஒரு போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நம்பரில் இப்போது வேறு ஒரு ஆள் எடுத்து "ராங் நம்பர்" என்கிறார். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை அந்த ஆளோடு சண்டையே போட்டேன். என் வாய் அப்படி. இந்த வாயால் நான் பட்டது கொஞ்சம் இல்லை. அதில் ஒன்றைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் வேலை. ஷூவின் மேல்பகுதியை அப்பர் என்போம்; அதைத்தான் தைப்பேன். தோலில் தைக்கும்போது ஊசி உடைவது சகஜம். ஆனால் உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். அவற்றை ஒரு நோட்டில் வைத்து டேப் போட்டு ஒட்டி, யார் மெஷினில் உடைந்ததோ அவரே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் புது ஊசி. ஒரு முனை ஷூவுக்குள்ளேயே தங்கி, கப்பல் ஏறிப் போய், எந்தக் குழந்தையின் காலிலாவது குத்தினால் என்ன ஆவது? அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. அந்த நோட்டு, ஊசி டப்பா, முடிந்த ஷூக்களைப் பெல்ட்டில் அனுப்பி உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்டர் மெஷின், எல்லாமே அக்காவின் பொறுப்பு.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் என் மெஷினில் ஊசி உடைந்தது. புதுசு வேறு, சூப்பர்வைசர் தலைமேல் நிற்கிறார். உடைந்த அடிப்பாகத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரி ஒளித்து வைத்திருந்த ஊசியை வாங்கி மாட்டித் தைக்க ஆரம்பித்துவிட்டேன். முனை எங்கே போனது என்று நான் தேடவே இல்லை. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அக்கா வந்து என் மெஷின் முன்னால் குனிந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. பக்கத்தில் பார்ப்பதற்கு அதை மேலே ஏற்றிவிடுவார்.

"இந்த ஊசி இன்னா இப்படி மினுக்குது? பழசு எங்க?"

"இதுதான்க்கா பழசு."

"அப்டியா," என்றார். அவ்வளவுதான். கையைத் தூக்கி லைனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நாற்பது மெஷினும் நின்றன. முப்பத்தைந்து நிமிஷம். அக்கா முட்டி போட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, மெஷின்களுக்கு அடியில் தரையைத் தடவிக்கொண்டே போகிறார். மேலே நாற்பது பேரும் அவரைத் திட்டுகிறார்கள். "கடுகாட்டம் ஒரு முனைக்கு இந்தப் பொம்பளை பண்ற அலம்பல் இருக்குதே" என்று நானும் சேர்ந்து முணுமுணுத்தேன் என்றால் என் தைரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த முனை என் கோட்டின் கை மடிப்பிலேயே இருந்தது.

"அதோ இருக்குது பாரு. எடு."

"நீங்களே எடுங்கக்கா."

"ஊசி யாருது? அவங்கதான் எடுக்கணும், அவங்கதான் ஒட்டணும்."

ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். நான் ஒளித்ததைப் பற்றி அவர் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றியா வந்தது எனக்கு? எரிச்சல்தான் வந்தது. ஆறு மாசம் அவர் பக்கம் தலை திருப்பவில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் இரண்டு பேரும் போகிறோம், வருகிறோம். அவர் முன் சீட்டில் உட்கார்ந்தால் நான் கடைசி சீட்டுக்குப் போய்விடுவேன்.

என் கோபம் எப்போது இறங்கியது என்றால், டிடெக்டர் மெஷின் பைத்தியம் பிடித்துக் கத்திய அன்று. சுத்தமான ஷூவுக்கெல்லாம் பீப் பீப் என்று கத்துகிறது. சோதித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. "மிஷின் பழசாய்டுச்சு, அது புடிக்கிறதைக் கொஞ்சம் கம்மி பண்ணி வைங்க" என்கிறார் சூப்பர்வைசர். மேலே புதிதாக மாட்டிய லைட் என்கிறார் எலக்ட்ரீஷியன். பெல்ட் பக்கத்தில் நிற்கிற பெண்கள் செல்போன் வைத்திருப்பார்கள் என்று இன்னொருவர் சொல்ல, அந்தப் பெண்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். அக்கா மெஷினை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றார். வேறு ஒரு பெண்ணை ஷூ வைக்கச் சொன்னார். மெஷின் கத்தவில்லை. திரும்ப வந்து தானே குனிந்து வைத்தார். கத்தியது. அப்படியே கழுத்துக்குக் கை போனது. தாலிச் செயினில் ஒரு ஊக்கு.

எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளை தாலியில் ஊக்கு மாட்டாமல் இருக்கிறாள்? எனக்குத் தாலி இல்லை, அந்தக் கதையை இங்கே எடுக்க வேண்டாம். ஆனால் என் வளையலில்கூட ரெண்டு ஊக்கு எப்போதும் தொங்கும். வாசலில் செக்கிங்கில் கழற்றிவிட வேண்டும். அன்றைக்கு மறந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஊக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "தானா சரியாய்டுச்சு" என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தால் சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா எல்லோரும் பார்க்க அந்த ஊக்கை நோட்டில் ஒட்டி, தன் பெயரை எழுதி, "கவனக்குறைவு" என்று போட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த மேஜையில் நான் உட்காருகிறேன். பழைய நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. அந்த ஊக்கு துருப்பிடித்து, காகிதத்தில் மஞ்சளாக ஒரு கறை படிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் முன் சீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் பேஜார்தான், அது வேறு விஷயம். பஸ்ஸில் நாங்கள் ஒருத்தியைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால், "நீ பாத்தியா? துண்டு கையில இருக்குதா?" என்பார். பேச்சு அதோடு செத்துப் போகும். ஒருமுறை ஒரு பெண்ணின் வெள்ளிக் கொலுசு பஸ்ஸில் காணாமல் போய், எல்லோரும் ஒரு புதுப் பெண்ணையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து, தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, பாதி முறுக்கு, மாத்திரை, எல்லாம் மடியில் கொட்டின. "எங்கிட்ட இல்ல. அடுத்தது யாரு?" என்றார். ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தோம். மாதனூர் பாலம் தாண்டுவதற்குள், கிழிந்த சீட்டு ரெக்சினுக்குள் கொலுசு கிடைத்தது. அந்தப் புதுப் பெண் இறங்கும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

இனி அப்பா கதைக்கு வருகிறேன்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோய்விட்டது. நான் காலையில் ஆறரைக்குப் போனால் சாயங்காலம் ஏழாகிவிடும். பகல் முழுக்க அவருக்குத் துணை இரண்டுதான். ஒன்று, பேட்டரி போட்ட ரேடியோ. காலைச் செய்தி, மத்தியானச் செய்தி, விவசாய நிகழ்ச்சி எதையும் விடமாட்டார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் நெல்லுக்கு எப்போது யூரியா போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்னொரு துணை, பக்கத்து வீட்டு அண்ணி. அவர் வீட்டுக்காரர் பவர்லூமில் லுங்கி நெய்கிறார். அண்ணி தினமும் பதினோரு மணிக்குக் கொல்லைச் சுவருக்கு மேலாக டீ நீட்டுவார். அப்பா சுவரைத் தடவி வந்து வாங்கிக்கொள்வார். அப்படியே அரை மணி நேரம் பேச்சு. நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

அந்தத் தீபாவளி போனஸில் அப்பாவுக்காக ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிறார்கள். கண் தெரியாத மனிதர் புழுக்கத்தில் ஏன் கிடக்க வேண்டும்? கட்டில் தலைமாட்டிலேயே வைத்து, தூசி படாமல் இருக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட லைனிங் துணியில் நானே ஓரம் மடித்து ஒரு உறையும் தைத்துப் போட்டேன். அதே தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அண்ணனும் புதிதாக இரண்டு தறி இறக்கினார். ஏற்கெனவே ரெண்டு, ஆக நாலு.

அதற்கு அப்புறம்தான் ரேடியோவில் கர்ர்ர் என்று ஒரு இரைச்சல் வந்தது. ஸ்டேஷனைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. செய்தி வாசிக்கிறவர் எங்கேயோ கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும், மேலே கர்ர்ர். அப்பா ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்து, முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கேட்பார்.

நானும் யோசிக்காதவள் இல்லை. வேறு யாரையும் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் கற்றுக்கொண்டதுதானே? ஒரு நாள் காலையில் மெயினை அணைத்துப் பார்த்தேன். ரேடியோ பேட்டரியில் ஓடுகிறது. கர்ர்ர் போகவில்லை. இன்னும் ஜாஸ்தியாகக்கூட இருந்தது. அப்புறம் என்ன? நம் வீட்டில் இல்லை. புதுத் தறி வந்தது, சத்தம் வந்தது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா?

நேராகப் போய் அண்ணியிடம் கேட்டேன்.

"தறிக்கும் ரேடியோவுக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்றார் அண்ணி. "அது பாட்டுக்கு ஓடுது."

"அது பாட்டுக்கு ஓடல. எங்கப்பா உசிரை வாங்குது."

ஒன்றுக்கு ஒன்று ஏறியது. தெருவில் நாலு பேர் வந்து நின்றார்கள். ஆள் பார்க்கிறது என்றால் எனக்கு வாய் இன்னும் நீளும். "ஒரு டம்ளர் ஓசி டீ குடுத்துட்டா இன்னா வேணா பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து சுவருக்கு மேலே டீ வரவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, ரேடியோவை அலமாரியில் வைக்கச் சொன்னார்.

"எனக்கு ரேடியோ வேணாம் பாப்பா. டெய்லி ஒரே செய்திதான். இன்னா இருக்குது அதுல?"

நாற்பது வயதை நெருங்கும் என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பகல் முழுக்க ஒரு மனிதர் டீயும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ரேடியோவும் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சுவரைப் பார்க்கவும் அவருக்குக் கண் இல்லை. விடுவேனா? கரண்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினேன். புதுத் தறி இரண்டையும் அண்ணன் பழைய இணைப்பிலேயே ஓட்டுகிறார், அனுமதி வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆள் வந்து பார்த்தால் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள், நாலு தறியும் நின்றுவிடும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். தெருவில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த வாரம் மூன்று நாள், காலைச் செய்தி நேரத்தில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றதாகத் தெருவில் சொன்னார்கள். "பாத்தீங்களா? மனு போவப் போவுதுன்னு தெரிஞ்சதும் பயந்துட்டாங்க" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொன்னேன்.

பன்னிரண்டாவது கையெழுத்துக்கு, சனிக்கிழமை காலை பஸ்ஸில் அக்காவிடம் பேப்பரை நீட்டினேன். அவரும் குடியாத்தம்தான், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"துண்டு எங்க?"

"இன்னா துண்டு? மெயினை அணைச்சே பாத்துட்டேன்க்கா. நம்ம வூட்ல இல்ல."

"உங்க வூட்ல இல்லன்னா அவங்க வூட்லதான்னு யாரு சொன்னது?"

"வேற எங்க இருக்கும்?"

"அதான் தெரியலியே," என்று பேப்பரை மடித்து என் பையிலேயே வைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் வர்றேன். அதுவரைக்கும் இது உன் பையிலயே இருக்கட்டும்."

ஞாயிறு காலை பதினொன்றுக்கு வந்தார். கையில் உள்ளங்கை அளவு ஒரு குட்டி ரேடியோ. கம்பெனிக் கோட்டு இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பச்சைச் சேலையில் வேறு ஆள் மாதிரி இருந்தார். பக்கத்து வீட்டில் தறி சடக்கு சடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, கரண்ட் போவுதே, அப்ப ரேடியோ எப்படி கேக்கும்?"

"கரண்ட் போனா மட்டும் இன்னா, அப்பவும்—" என்று நான் ஆரம்பித்தேன்.

"உன்னைக் கேக்கல. ரேடியோ கேக்கறவரு அவரு."

அப்பா வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்காகத் தெருவில் நின்று கத்தியிருக்கிறேன்.

"கரண்ட் போனா..." என்றார் அப்பா. "இன்னும் ஜாஸ்தி ஆவும்மா."

"கரண்ட் போனா பக்கத்துல தறி ஓடுமா?"

"எங்க ஓடும்? தெருவே கப்சிப்னு ஆய்டும்."

சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்ததா? "அப்ப அடுத்த தெருவுலேர்ந்து வருது" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, போய் மெயினை அணை."

"அணைச்சுப் பாத்துட்டேன்னு எத்தினி வாட்டிக்கா சொல்றது?"

"எனக்காக ஒரு வாட்டி."

போய் அணைத்தேன். அலமாரியிலிருந்து அப்பாவின் ரேடியோவையும் எடுத்துப் போட்டேன். கர்ர்ர் என்று வீடே அதிர்ந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கேக்குதா? மெயின் அணைஞ்சிருக்குது, சத்தம் ஜாஸ்தியாவுது. இப்ப இன்னா சொல்றீங்க?" என்றேன்.

அக்கா ரேடியோவைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"மெயினை அணைச்சுட்ட. ஃபேன் எப்படி சுத்துது?"

நானும் மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாசமாக அந்த ஃபேன் நின்றதே இல்லை. கரண்ட் போனாலும் சுற்றும், வந்தாலும் சுற்றும். மெயினை அணைத்தபோதும் அது சுற்றியதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் தலைக்கு மேலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா எழுந்து, தன் குட்டி ரேடியோவைப் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே நடந்தார். வாசல் பக்கம் போனால் இரைச்சல் தணிந்தது. கட்டில் தலைமாட்டுக்கு வந்தால் காது கிழிந்தது. என் லைனிங் துணி உறைக்கு முன்னால் நின்றார்.

"இது இன்னா சாமியா? சட்டையெல்லாம் தெச்சுப் போட்டு வெச்சிருக்கியே."

"இன்வெர்ட்டர்க்கா."

"அணை."

அவர் கை அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் என்னைத்தான் அணைக்கச் சொன்னார். உறையைத் தூக்கி, அணைத்தேன். ஃபேன் மெதுவாகி நின்றது. இரண்டு ரேடியோவிலும் பளிச்சென்று ஒரு பெண்ணின் குரல், ஆடுகளுக்கு எப்போது குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டில் நாலு தறியும் சடக்கு சடக்கென்று ஓடிக்கொண்டேதான் இருந்தன.

"நான் நெனச்சேன் பாப்பா," என்றார் அப்பா மெதுவாக. "அது வந்த அன்னிலேர்ந்துதான் சத்தம். ஆனா திட்டமா தெரியல. நீ ஆசையா வாங்கிப் போட்ட... சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு ரேடியோவே வேணாம்னுட்டேன்."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு நான் அழுவது தெரியாது, காதுக்குத் தெரிந்திருக்கும். கையை நீட்டித் துழாவி என் மண்டையில் தட்டினார்.

அதற்கு மேல்தான் பெரிய வேலை இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்களே பக்கத்துல போய்ச் சொல்லிடுங்கக்கா. எனக்கு அந்த வாசப்படி ஏற மூஞ்சி இல்ல."

"ஊசி யாருது?" என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். நான் மனுவை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி நடையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்வெர்ட்டர், ஃபேன், ஆட்டுக்கு மருந்து, ஒன்றையும் விடவில்லை. "ஓசி டீன்னு சொன்னது தப்பு அண்ணி. நான் சொன்னதெல்லாமே தப்பு" என்று மனுவை நீட்டினேன். அப்போதுதான் கை நின்றது. அண்ணி பேப்பரைப் பிரித்து, கீழே இருந்த பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அவர் தினமும் பார்க்கிற முகங்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தண்டனை.

"மூணு நாளு செய்தி நேரத்துக்குத் தறியை நிறுத்தினோம், தெரியுமா?" என்றார் அண்ணி. "உங்க அண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு. ஒருவேளை நம்ம தறியாவே இருந்துட்டா பாவம் பெரியவருன்னு. நான் சுவத்துல காதை வெச்சு நின்னேன்டி, மாமா ரேடியோ கேக்குதான்னு. மூணு நாளும் ஒண்ணும் கேக்கல. அவரு ரேடியோவே வெக்கல."

அங்கேயே நடையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் பயந்து நிறுத்தினார்கள் என்று குழாயடியில் சொன்னவள் நான்.

"நேத்து சாயந்திரம் உங்க கம்பெனி அக்கா வந்தாங்க," என்றார் அண்ணி. "தறியை ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, ஒரு குட்டி ரேடியோவை வெச்சுக்கினு நாலு தறியையும் சுத்தி வந்தாங்க. நாங்க நிறுத்தினதையும் அவங்ககிட்ட சொன்னேன். உங்கிட்ட சொல்லலியா?"

நான் திரும்பி எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாதி முறுக்கைப் பையிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நேத்தே அங்க போனீங்களா?"

"போனேன்."

"தறி இல்லன்னு நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"அது இல்லன்னு சொன்னா நீ கேட்டிருப்பியா? என்னையும் சேத்துத் திட்டியிருப்ப. எதுன்னு கையில குடுக்கணும்ல."

"அவங்க மூணு நாளு தறியை நிறுத்தினதாவது சொல்லியிருக்கலாம்ல!"

"அது அவங்க சொல்ல வேண்டியது. நீ போய்க் கேக்க வேண்டியது. நடுவுல நான் யாரு?"

எனக்குக் கோபமா, வெட்கமா, அவர் காலில் விழ வேண்டுமா, முதுகில் நாலு சாத்த வேண்டுமா, ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டே அவரிடம் சண்டை போட்டேன். அவரும் விடாமல் பதில் சொன்னார். அப்போது கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. மூன்று டம்ளர் டீ, ஒவ்வொன்றாகச் சுவர் மேல் வந்து உட்கார்ந்தன.

"ஏய், வந்து புடிடி. அந்த ஓரத்துல இருக்கறது மாமாவுக்கு, சக்கரை போடல."

எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தேன். மெயினையும் இன்வெர்ட்டரையும் இன்னும் போடாததால் அவர் தலைக்கு மேல் ஃபேன் நின்றுகிடந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கழுத்துக்கு ஓடியது. போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் காதோடு ஒட்டிய ரேடியோ. நானும் அக்காவும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று அப்பா ஒரு அதட்டல் போட்டார். "செய்தி போடப் போறான்."

அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கையில் இருந்த முறுக்கைக்கூடக் கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் மூக்கை உறிஞ்சாமல் உட்கார்ந்தேன்.